‘கவனிச்சு எழுதுங்க’ என்றால் புத்தகத்தை எழுதுகிறார்கள்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் 6, 7ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். உற்றுநோக்கல் என்றால் என்ன என்று புரியவைக்க, போன வாரம் பிள்ளைகளைப் பள்ளித் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ‘நல்லா கவனிச்சு, கவனிச்சதை எழுதுங்க’ என்றேன். 38 பேரில் முக்கால்வாசிப் பேர் ‘செடி ஒளிச்சேர்க்கை செய்கிறது’, ‘வேர் நீரை உறிஞ்சுகிறது’ என்று எழுதி வந்தார்கள். வேரை யாருமே பார்க்கவில்லை! மெழுகுவத்தியை ஏற்றிக் காட்டினால் ‘ஆக்சிஜன் எரியத் துணைபுரிகிறது’ என்கிறார்கள். மறுபடி கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் எங்கே தவறுகிறேன்? ஆய்வகம் கிடையாது, 40 நிமிடப் பீரியட். நோட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் வேறு சொல்கிறார்.
— ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

‘வேரை யாருமே பார்க்கவில்லை’ என்று எழுதி ஓர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்களே, பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. பார்த்தது வேறு, தெரிந்தது வேறு என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் அதை யாரும் சொன்னதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்ததை எழுதினால் ‘குட்’ வாங்கியவர்கள் அவர்கள். பேப்பரைக் கையில் கொடுத்து எழுது என்றால் அது பரீட்சைதான், தோட்டத்தில் நடந்தாலும் பரீட்சைதான். மறுபடி கேட்டால் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்கிறீர்கள். இத்தனை வருஷமாக விடை அங்கேதானே இருந்திருக்கிறது.

இன்னொன்று. ‘கவனி’ என்பது செயப்படுபொருள் குன்றா வினை. எதை என்று சொல்லாமல் ஏவினால் யாராலும் செய்ய முடியாது. தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் வியன்னாவில் இயற்பியல் மாணவர்களிடம் வேண்டுமென்றே இதைச் செய்து காட்டினார். பென்சிலும் தாளும் எடுங்கள், கவனமாகப் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள் என்றார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். உங்கள் பிள்ளைகள் கேட்கவில்லை, டீச்சர் மேல் உள்ள மரியாதை. கேட்காததால், தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் பக்கத்தை நிரப்பிவிட்டார்கள்.

எனவே தோட்டத்துக்குப் போகும்போது ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அது புத்தகத்தில் விடை இல்லாத கேள்வியாக இருக்கட்டும். இந்தச் செம்பருத்தியில் ஓட்டை விழுந்த இலைகள் கொழுந்தா, முற்றலா? எறும்பு ஏறுகிற தடமும் இறங்குகிற தடமும் ஒன்றா? எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் முட்டிக்கொண்டால் என்ன செய்கின்றன? இதற்கெல்லாம் விடை உங்களுக்கும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் முகத்தைப் பார்த்துப் பயனில்லை என்று தெரிந்ததும் இலையைப் பார்ப்பார்கள்.

இனி, பார்த்ததையும் நினைத்ததையும் எப்படிப் பிரிப்பது. ஆசிரியர் பயிற்சியில் நான் 20 வருஷத்துக்கு மேல் நடத்திய ஒரு வகுப்பைச் சொல்கிறேன். தேவை எவர்சில்வர் டம்ளர், ஐஸ், சொட்டு நீலம், வெள்ளைத் துணி.

நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு டம்ளர். இரண்டிலும் நீலம் கலந்த தண்ணீர் முக்கால் அளவு. ஒன்றில் மட்டும் ஐஸ். டம்ளரின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உங்கள் டெல்டாக் காற்றில் ஈரம் அதிகம், சில நிமிடங்களிலேயே ஐஸ் டம்ளரின் வெளிப்பக்கம் மங்கி, பிறகு துளித்துளியாக நிற்கும். (சேலம், தருமபுரிப் பக்கம் கோடை நடுப்பகலில் இதைச் செய்த ஆசிரியர்கள் பாதிப் பீரியட் காத்திருந்து நொந்துபோனதும் உண்டு.) என்ன பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள்.

‘டம்ளர் வேர்த்திருக்கு சார்.’ ‘தண்ணி கசியுது சார்.’ ‘ஐஸ் உருகி வெளியே வருது.’ படிக்கிற பிள்ளை ஒன்று எழுந்து ‘நீராவி குளிர்ந்து சுருங்குது சார்’ என்று சொல்லும். அந்தப் பிள்ளைக்குத்தான் உடனே ‘சரி’ சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். இந்த நான்கையுமே யாரும் பார்க்கவில்லை. கசிவதையும் யாரும் பார்க்கவில்லை, நீராவி குளிர்வதையும் யாரும் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: துடைத்த டம்ளரின் வெளியே, தண்ணீர் இருக்கும் உயரம் வரை, துளிகள் நிற்கின்றன. மற்றதெல்லாம் ஊகம். கரும்பலகையில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘நினைத்தது’ என்று எழுதுங்கள். நான்கு பதில்களும் வலப்பக்கம் போகட்டும், சரியான பதில் உட்பட. ‘வேர்த்திருக்கு’ என்று வீட்டில் எல்லோரும் சொல்வதுதான், தப்பில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே, தண்ணீர் உள்ளிருந்து வந்தது என்ற ஊகம் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு வரும், பாருங்கள்.

அப்புறம்தான் வேலை. உள்ளே இருக்கும் தண்ணீர் கசிந்திருந்தால் துளி என்ன நிறத்தில் இருக்க வேண்டும்? வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துணியில் நீலம் ஏறாது. ஐஸ் இல்லாத டம்ளரில் ஏன் துளி இல்லை? அதிலும் அதே தண்ணீர்தானே? ‘மேலே வழியா ஏறி வெளியே இறங்குது’ என்று ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும், அதற்கு வாயை ஒரு தட்டால் மூடிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் வலப்பக்கத்தில் ஒரு வரியை அடிக்கிறீர்கள், இடப்பக்கத்தில் ஒரு வரி கூடுகிறது. பீரியட் முடியும்போது ‘நீராவி’ மட்டும் அடிபடாமல் நிற்கும். அது சரி என்று நீங்கள் சொல்லவில்லை, மற்றவை விழுந்துவிட்டன.

பிப்ரவரி 28 வந்தால் எல்லாப் பள்ளியிலும் சர் சி.வி. ராமனைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைக்கிறோம். கப்பலில் போகும்போது ‘கடல் ஏன் நீலமாக இருக்கிறது’ என்று கேட்டார், நோபல் பரிசு வாங்கினார் என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். நடுவில் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்வதில்லை. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்பது ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவின் கருத்து. 1921இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில் ராமன், நிக்கல் பட்டகம் என்ற, கால்சைட் படிகத்தால் ஆன சிறு கருவி வழியாகக் கடலைப் பார்த்தார். சரியான கோணத்தில் பிடித்தால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது தடுத்துவிடும். ராலே சொன்னது சரியென்றால் நீலமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. உங்கள் வகுப்பில் சொட்டு நீலம் செய்வதும் அந்த வேலையைத்தான்.

மெழுகுவத்தியை விட்டுவிடாதீர்கள். மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக, ஒரு மெழுகுவத்தியை வைத்தே ஆறு சொற்பொழிவு நடத்தினார். அவ்வளவு சரக்கு அதில் இருக்கிறது. ‘சுடரில் எத்தனை நிறம், எது எங்கே’ என்று கேட்டு, வரையச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் நீலத்தைப் பல பேர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பார்கள். பிறகு நீங்களே ஊதி அணைத்து, திரியிலிருந்து எழும் வெண்புகையில், திரியைத் தொடாமல், எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். (ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.) ‘ஆக்சிஜன் துணைபுரிகிறது’ என்று எழுதிய பிள்ளையால் அன்றைக்கு அதோடு நிறுத்த முடியாது.

படம் வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. எறும்பைப் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். மூன்று உருண்டை, உருண்டைக்கு இரண்டு கால் என்று கணக்காகப் பங்கு போட்டிருப்பார்கள். ஆசிரியர்களும் அப்படித்தான் வரைகிறார்கள், பயிற்சி வகுப்பில் நான் பார்த்ததுதான். பிறகு ஒரு கட்டெறும்பைக் கண்ணாடி டம்ளருக்குள் விட்டு, பார்த்து வரையச் சொல்லுங்கள். ஆறு காலும் நடுப்பகுதியிலிருந்தே கிளம்புகின்றன, உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கிறது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பார்த்ததும் தெரிந்ததும் எவ்வளவு தூரம் என்பது தானே தெரிந்துவிடும். நீங்கள் விளக்கவே வேண்டாம்.

தமிழ் டீச்சரையும் இதில் இழுத்துவிடலாம். புறநானூற்று 173ஆம் பாட்டில், சோறு வாங்கிக்கொண்டு வரிசையாகப் போகும் சிறுவர்களை, முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போகும் எறும்பு வரிசைக்கு ஒப்பிடுகிறார் சோழன் கிள்ளிவளவன். எறும்பு எதையோ தூக்கிப்போவதையும் வறண்ட இடம் தேடுவதையும் கவனித்த கண் அது. ஆனால் வாயில் அரிசி மாதிரி வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் முட்டையல்ல, புழுவோ கூட்டுப்புழுவோதான். எறும்பின் முட்டை அதைவிட மிகச் சிறிது. அரசர் எழுதிய பாட்டிலும் இடப்பக்கம், வலப்பக்கம் உண்டு.

இப்போது நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘நான் எங்கே தவறுகிறேன்’ என்று நீங்கள் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பிப்ரவரி நடுவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை விளையாட்டுத் திடலில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நிழலை அளக்கச் சொன்னேன். சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் மிகக் குறைவாக இருக்கும், அது 12 மணிக்கு என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன். முதல் தவறு அது. பெரும்பாலானவர்கள் 12 மணிக்கு எதிரே சிறிய எண்ணை எழுதிக் கொண்டுவந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் 12 மணிக்கு 44 செ.மீ., 12:30க்கு 41, 1 மணிக்கு 43 என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் 12:30ஐ அடித்து 12 என்று எழுதி, ‘கவனமாக அளக்கவும்’ என்று குறிப்பும் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை அளந்தபோது 12க்கு எதிரே எல்லோரையும் போல அவளும் சிறிய எண்ணை எழுதினாள்.

அவள் அளந்தது சரி. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. திண்டுக்கல் அதற்கு மேற்கே சுமார் நாலரை டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 18 நிமிடம் தாமதம். அதோடு, பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டம் என்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 14 நிமிடம் பின்தங்குகிறது. இரண்டையும் கூட்டினால் 12:32. நவம்பர் தொடக்கத்தில் இதையே செய்திருந்தால் சூரியன் 16 நிமிடம் முந்திக்கொண்டு 12:02க்கே உச்சிக்கு வந்திருக்கும், என் தவறும் வெளியே தெரிந்திருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது அந்த வகுப்பே பள்ளியை விட்டுப் போய்விட்டது.

உங்கள் ஊரிலும் இதைச் செய்யுங்கள், மணியை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். உச்சி நேரத்தில் நிழல் மெதுவாகத்தான் மாறும். 15 நிமிடத்துக்கு அரை சென்டிமீட்டர் அளவுதான் வித்தியாசம் இருக்கும், பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அதற்கு ஒரு பழைய வழி உண்டு. காலையில் நிழலின் நீளத்துக்கு, குச்சியை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாலையில் நிழல் முனை வட்டத்தை மறுபடி தொடும் நேரத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடு எடுத்தால் உச்சி நேரம் கிடைத்துவிடும். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரே பீரியடில் முடியாத கவனிப்பும் ஒன்று வேண்டும். கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும். முதலில் காக்கை எச்சம் மாதிரி இருந்து, தோலுரித்துத் தோலுரித்துப் பச்சையாகும் ஒரு புழு அதில் கிடைக்கும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், நாற்றமும் வரும். வண்ணத்துப்பூச்சியின் புழுதான், ஆனால் அதை முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். ஓட்டை போட்ட டப்பாவில் கொத்தோடு வைத்து, தினமும் புது இலை போட்டு, எத்தனை இலை தின்றது, எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்று முறைவைத்து எழுதச் சொல்லுங்கள்.

ஒரு பள்ளியில் இது நடந்தபோது ஒரு நாள் பதிவில் ‘புழு செத்துவிட்டது’ என்று இருந்தது. அப்படி எழுதிய பையனிடம், நீ என்ன பார்த்தாய் என்று கேட்டேன். ‘காலையிலேர்ந்து இலை குறையல. தொட்டா கொம்பு வரல. குச்சியில ஒட்டிக்கிட்டு நிக்குது. சுத்தி ஒரு நூல் இருக்கு.’ இந்த நான்கையும் எழுது, ‘செத்துவிட்டது’ என்பதை வலப்பக்கம் எழுது என்றேன். மறுநாள் தோலை உரித்துவிட்டுக் கூட்டுப்புழுவாக அது தொங்கியது. வலப்பக்கத்தை அவன் அடிக்க வேண்டியிருந்தது, இடப்பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தேவைப்படவில்லை. அந்த நூலை வகுப்பில் வேறு யாருமே பார்த்திருக்கவில்லை.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். தலைமையாசிரியரோடு மோத வேண்டாம், நோட்டை இரண்டாக்குங்கள். ரெக்கார்டு நோட்டு அழகாக, அவர் கேட்கிறபடி இருக்கட்டும். கவனிப்புக்கு ஒரு ரஃப் நோட்டு, நடுவில் கோடு போட்டது. அதற்கு என் சட்டங்கள் மூன்றுதான். அழிரப்பர் கூடாது, தப்பென்று தோன்றினால் ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். தேதியும் மணியும் இல்லாத பதிவு செல்லாது. ‘பெரிய’, ‘நிறைய’, ‘வேகமாக’ போன்ற சொற்கள் வந்தால், எதைவிட என்று பக்கத்தில் எழுத வேண்டும். அளவுகோல் இல்லையென்றால் விரற்கடையில் அளந்தாலும் சரி. சிவப்பு மை அந்த நோட்டுப் பக்கமே போகக் கூடாது, அது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்ற கேள்வி அடுத்து வரும். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அறிவியல் திட்டத்தில் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். பிள்ளைகள் புத்தகத்தையும் தங்கள் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகம் திறந்திருந்தால் அதிலிருந்து பார்த்து எழுதக்கூடிய கேள்வியைக் கேட்டுப் பயனில்லை, கேள்வி கேட்பவர்தான் மாற வேண்டும். 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது, எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் 30 வருஷம் நடந்ததே, அதுவும் நம்முடையதைப் போன்ற அரசுப் பள்ளிகளில். உங்கள் வகுப்புத் தேர்வில் ஒரே ஒரு கேள்வியை அப்படி வைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு புளிய இலைக் கொத்தைக் கொடுத்து, ‘பார்த்தது ஐந்து, நினைத்தது இரண்டு’ எழுதச் சொன்னால் போதும். நினைத்தது சரியா தப்பா என்று பார்க்காமல், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு மதிப்பெண் போடுங்கள்.

40 நிமிடத்துக்குள் டம்ளர் வகுப்பு முடியும், ஐஸை முதல் மணிக்கே வாங்கிவந்து ஃபிளாஸ்க்கில் வைத்துவிட்டால். பிள்ளைகள் அதைத் தின்னக் கேட்பார்கள், நீலம் கலக்கும் முன்னாலேயே ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடுங்கள். கறிவேப்பிலைப் புழுவுக்குத் தினமும் 5 நிமிடம், சத்துணவு இடைவேளையில்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். ரெக்கார்டு நோட்டு வேண்டாம், ரஃப் நோட்டில் நிறைய அடித்தல் உள்ள இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள்.